பெற்றவள் ஒருநாள் வாசலில் வந்து நின்றால்?

ஜப்பானின் கன்சாய் பகுதியில் ஜப்பானியக் கணவருடன் வாழும் தமிழ்ப் பெண் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன். அவருக்கு வயது 41, கணவருக்கு 44. திருமணமாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. குழந்தைப்பேற்றுக்கான சிகிச்சை பலமுறை பலனளிக்காமல் போய், இப்போது மருத்துவமனையில் உறைநிலையில் ஒரே ஒரு கரு மீதமிருக்கிறது. தத்து எடுக்கலாம் என்ற எண்ணத்தைக் கணவர்தான் முதலில் வெளிப்படுத்தியிருக்கிறார். தாய்மையைப் பற்றியும் தத்தைப் பற்றியும் இயக்குநர் நவோமி கவாசே பேசிய ஒரு பேட்டியை இருவரும் பார்த்துவிட்டு, அவர் 2020இல் எடுத்த ‘ட்ரூ மதர்ஸ்’ படத்தையும் வீட்டில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பெற்ற பெண் ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு தொலைபேசியில் அழைத்து, குழந்தையைத் திருப்பிக் கொடுங்கள், இல்லையென்றால் பணம் கொடுங்கள் என்று கேட்கும் இடத்தில் இவர் எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை என்கிறார்.

அவருடைய கேள்விகள் இவை: பெற்றவள் எப்போது வேண்டுமானாலும் வந்து குழந்தையைக் கேட்க முடியுமா? படத்தில் வருவதுபோல் நான் வேலையை விட்டுத்தான் ஆக வேண்டுமா? சிறப்புத் தத்து முறையில் குடும்பப் பதிவேட்டில் சொந்தப் பிள்ளையாகவே பதிவாகும் என்கிறார்களே, அப்படியானால் குழந்தைக்குச் சொல்லாமலே வளர்த்துவிடலாம் அல்லவா? எந்த ரத்தமோ என்று மறுக்கும் மாமியாரை எப்படிச் சமாளிப்பது? ஊரில் இருக்கும் அம்மா சொல்வதுபோல் அண்ணனுடைய இரண்டாவது குழந்தையை எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பானதோ?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுந்து போனது இயல்பு. இத்தனை ஆண்டுகளாக ஒவ்வொரு மாதமும் ஒன்றை இழந்து வந்திருக்கிறீர்கள்; கைக்கு வந்த பிறகும் இழக்க நேருமோ என்ற காட்சியை உங்களால் உட்கார்ந்து பார்க்க முடியாமல் போனதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் பயம் முழுவதும் அந்தப் படத்தின் முதற்பகுதியிலிருந்து பிறந்தது. நீங்கள் பார்க்காத மீதிப் பகுதியில்தான் இயக்குநர் சொல்ல வந்தது இருக்கிறது. ஆகவே சட்டத்துக்குப் போகுமுன் படத்தைப் பற்றியே கொஞ்சம் பேசுகிறேன். உங்கள் ஐந்து கேள்விகளில் மூன்றாவதுதான் மிகப் பெரியது என்று நான் நினைக்கிறேன். அதற்கான விடையும் அங்கேதான் கிடைக்கிறது.

கவாசே 1969இல் நாராவில் பிறந்தவர். பெற்றோர் பிரிந்துவிட்டதால் பாட்டி முறையுள்ள உறவினர் ஒருவரும் அவருடைய கணவரும் அவரைத் தத்தெடுத்து வளர்த்தார்கள். கவாசே என்ற குடும்பப் பெயரே அவர்களுடையது. 1992இல், தான் அறியாத தந்தையைத் தேடிச் செல்வதையே ஓர் ஆவணப்படமாக எடுத்தார். வளர்த்தவருக்கு அந்தத் தேடலில் விருப்பமில்லை என்பதையும் அந்தப் படம் மறைக்கவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1994இல், அதே வளர்ப்புத் தாயைப் பற்றி ‘கதத்சுமோரி’ என்ற படத்தை எடுத்தார். தோட்டத்தில் வேலை செய்யும் அந்த மூதாட்டியின் முகத்துக்கு எவ்வளவு அருகில் போக முடியுமோ அவ்வளவு அருகில் கேமராவைக் கொண்டுபோயிருப்பார். 2006இல் வந்த இன்னொரு ஆவணப்படத்தில் தன் பிரசவத்தையும், முதுமையில் தளர்ந்துவிட்ட அந்தத் தாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதில் பாசத்தோடு பழைய மனக்காயங்களும் வெளிவருகின்றன. நீங்கள் கவனிக்க வேண்டியது இந்த வரிசையை. பெற்றவரைத் தேடிப் போன பிள்ளை வளர்த்தவரை விட்டுப் போய்விடவில்லை. தேடி முடித்த பிறகுதான் வளர்த்தவரை முழுமையாகப் பார்க்கவே தொடங்கியிருக்கிறார்.

ஜப்பானிய சினிமாவில் தாயும் பிள்ளையும் பிரிவதும், ஒருவரையொருவர் தேடுவதும் புதிய கதை இல்லை. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ‘ஹஹாமோனோ’ எனப்படும் தாய்ப்பாசப் படங்கள் வரிசையாக வந்தன. பிள்ளையின் நன்மைக்காக ஒதுங்கி நின்று அழும் தாயைப் பார்த்து அரங்கமே அழுதது. பின்னாளில் 2013இல் ஹிரோகசு கொரே-எடா, மருத்துவமனையில் மாறிப்போன இரு குழந்தைகளின் கதையை ஒரு தந்தையின் பக்கம் நின்று சொன்னார். கவாசே தத்துப் பிள்ளையாக வளர்ந்தவர் என்பதால் அவர் நிற்கும் இடம் வேறாக இருக்கிறது. மிசுகி த்சுஜிமுரா எழுதிய நாவலைத் தழுவிய ‘ட்ரூ மதர்ஸ்’ படத்தில் அவர் வளர்த்தவளுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறாரோ, பதினான்கு வயதில் பெற்றுக் கொடுத்த ஹிகாரி என்ற சிறுமிக்கும் அவ்வளவு நேரம் ஒதுக்குகிறார். ஆசாதோ என்ற அந்தப் பையனின் பார்வையும் இடையிடையே வந்து சேர்கிறது.

நீங்கள் பார்க்காமல் விட்ட பகுதியைச் சொல்லிவிடுகிறேன். கதை தெரிந்துவிடுமே என்று தயங்காதீர்கள், உங்களுக்கு இப்போது அது தெரிவது நல்லது. அந்தப் பையனுக்குத் தன்னைப் பெற்றவள் ஒருத்தி இருக்கிறாள் என்பது ஏற்கெனவே தெரியும். ஹிரோஷிமா அம்மா என்றே அவளைச் சொல்கிறான். ஆகவே, உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று வந்தவள் மிரட்டினாலும் அந்த வீட்டில் மறைப்பதற்கு எதுவுமில்லை. குழந்தையைக் கொடுத்தபோது அவள் எழுதிய கடிதத்தை வளர்ப்புத் தாய் பத்திரமாக வைத்திருக்கிறாள். எழுதிவிட்டு அழித்த ஒரு வரியின் தடம் அதில் இருப்பதை வெகு நாள் கழித்துத்தான் கவனிக்கிறாள். தன்னை இல்லாதவளாக ஆக்கிவிடாதீர்கள் என்ற பொருளில் அந்தச் சிறுமி எழுதி, பிறகு கேட்கக்கூடத் தகுதியில்லை என்று நினைத்து அழித்துவிட்ட வரி அது. படம் எதிர்கொள்ளும் கேள்வியை நான் அந்த வரியில்தான் பார்க்கிறேன்.

பெற்றவள் திரும்பக் கேட்க முடியுமா?

இனி சட்டம். நீங்கள் பயப்படும் அளவுக்கு ஜப்பானியச் சட்டம் தளர்வாக இல்லை. அங்கே தத்து இரண்டு வகை. சாதாரணத் தத்தில் பெற்றவர்களுடனான சட்ட உறவும் தொடரும். 1987இல் சட்டமாகி 1988இல் நடைமுறைக்கு வந்த சிறப்புத் தத்தில் அந்த உறவு முடிந்துபோய், வளர்ப்பவர்களே ஒரே பெற்றோர் ஆகிறார்கள். இதைக் குடும்ப நீதிமன்றம்தான் தீர்மானிக்க முடியும். வளர்ப்பவர்கள் மணமான தம்பதியாக இருக்க வேண்டும். ஒருவருக்கு 25 வயதாவது நிறைந்திருக்க வேண்டும், மற்றவர் 20 வயதுக்குக் குறையக் கூடாது. முன்பு 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் இருந்த இந்த வழி, 2020 ஏப்ரல் முதல் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கும் திறந்துவிடப்பட்டது.

உங்கள் கவலைக்கு நேரடியாகத் தொடர்புடைய மாற்றமும் அப்போதே வந்தது. குழந்தை பிறந்து 2 மாதங்கள் கடந்த பிறகு, நீதிமன்ற நடவடிக்கையின்போது பெற்றவர் முறையாகக் கொடுத்த சம்மதத்தை, 2 வாரங்களுக்குப் பின் திரும்பப் பெற முடியாது. அதற்கு முன் பல தம்பதிகள் தீர்ப்பு உறுதியாகும் நாள்வரை மனம் பதைத்தபடியே குழந்தையை வளர்த்தார்கள். ஆனாலும் குழந்தை உங்கள் வீட்டுக்கு வந்தவுடன் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். குறைந்தது ஆறு மாதம் நீங்கள் வளர்ப்பதை நீதிமன்றம் பார்க்கும். தொடக்கக் கட்டத்தில், சம்மதம் உறுதியாகுமுன், பெற்றவள் மனம் மாறினால் குழந்தை அவளிடமே போகலாம். உண்மையான ஆபத்து இந்தக் காலத்தில்தான் இருக்கிறது; அதைத் தாங்கும் மனநிலை உங்கள் இருவருக்கும் இருக்கிறதா என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

தீர்ப்பு உறுதியான பிறகு உறவை முறிப்பது அரிதிலும் அரிது. வளர்ப்பவர்கள் கொடுமை செய்து, அதேசமயம் பெற்றவர்கள் தகுந்தபடி வளர்க்கக்கூடிய நிலையில் இருந்து, குழந்தையின் நலனுக்கும் அது தேவை என்றால் மட்டுமே நீதிமன்றம் அதை அனுமதிக்கும். வளர்ப்பவர்கள் முறிவு கோரி மனுச் செய்யவே முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஏனென்றால் இந்தச் சட்டம் உங்களுக்குக் கொடுக்கும் பாதுகாப்பும் உங்களிடம் கேட்கும் உறுதியும் ஒரே அளவில் இருக்கின்றன. பணம் கேட்டு மிரட்டுவது எந்த நாட்டிலும் குற்றம். அப்படி ஒரு அழைப்பு எப்போதாவது வந்தால் தனியாகப் பேசித் தீர்க்க முனையாமல், தத்துக்கு உதவிய அமைப்பையும் வழக்கறிஞரையும் அழையுங்கள். இருந்தாலும் பெற்றவளை ஒரு மிரட்டலாகவே மனத்தில் வரைந்துகொண்டு தத்துக்குள் நுழையாதீர்கள். நீங்கள் அவளைப் பற்றிப் பேசும்போது உங்கள் குரலில் வரும் அச்சத்தைக் குழந்தைதான் முதலில் கேட்கும்.

பதிவேட்டில் இல்லாததா?

சிறப்புத் தத்தில் குழந்தை ‘கொசெகி’ எனப்படும் குடும்பப் பதிவேட்டில் மூத்த மகன், மூத்த மகள் என்றுதான் எழுதப்படும். வளர்ப்புப் பிள்ளை என்ற சொல் இருக்காது. நீங்கள் கேள்விப்பட்டது இதுவரை சரி. ஆனால் அதே பக்கத்தில், குழந்தைக்குரிய விவரக் கட்டத்தில், குடியியல் சட்டத்தின் 817-2ஆம் பிரிவுப்படி தீர்ப்பு உறுதியான நாள் என்று ஒரு வரி இருக்கும். விவரம் தெரிந்தவருக்கு அந்த எண் ஒன்றே போதும். அதைப் பிடித்துக்கொண்டு பழைய பதிவேடுகள் வழியாகப் பின்னோக்கிப் போனால் பெற்றவர் யார் என்பதை அந்தப் பிள்ளை கண்டுபிடிக்க முடியும். கடவுச்சீட்டுக்கோ திருமணத்துக்கோ பதிவேட்டின் நகலை வாங்கப் போகும் இருபது வயதில், நகராட்சி அலுவலகத்தின் நாற்காலியில் உட்கார்ந்து, முன்பின் கேட்டிராத ஒரு சட்டப் பிரிவின் மூலமாகத் தன் பிறப்பைத் தெரிந்துகொள்ளும் நிலைமையை உங்கள் பிள்ளைக்கு நீங்கள் விரும்பமாட்டீர்கள்.

சட்டம் இப்படி அமைந்ததற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. இஷினோமாகி நகரில் நொபோரு கிகுதா என்ற மகப்பேறு மருத்துவர், கருக்கலைப்பைக் கேட்டு வந்த பெண்களிடம் பெற்றெடுக்கச் சொல்லி, அந்தக் குழந்தைகளைப் பிள்ளையில்லாத தம்பதிகளிடம் சேர்த்தார். வளர்ப்பவரே பெற்றார் என்று பிறப்புச் சான்றிதழில் பொய்யாக எழுதினார். இதை 1973இல் அவரே வெளிப்படுத்தியபோது நாடே இரண்டாகப் பிரிந்து விவாதித்தது, அவர் தண்டிக்கவும்பட்டார். பல உயிர்களைக் காத்த மனிதர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் பொய்ச் சான்றிதழ்களால் அந்தப் பிள்ளைகள் தம்மைப் பெற்றவர்களைத் தேடும் வழியே இல்லாமல் போனது. அதனால்தான் பிறகு வந்த சட்டம் பிள்ளையைச் சொந்தப் பிள்ளையாகவே எழுதச் சொல்லிவிட்டு, தேடினால் கிடைக்கும்படி ஒரு தடத்தையும் விட்டுவைத்தது.

எப்படிச் சொல்வது, எப்போது சொல்வது?

பள்ளியில் சேர்வதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் தத்துத் துறையில் பணிபுரியும் பெரும்பாலோரின் கருத்து. என் கருத்தும் அதுவே. ஒருநாள் உட்காரவைத்துச் சொல்லும் பெரிய செய்தியாக இதை வைத்துக்கொள்ளாதீர்கள். குழந்தைக்குப் பேச்சு வராத பருவத்திலேயே, குளிப்பாட்டும்போதும் தூங்கவைக்கும்போதும் சொல்லிப் பழகுங்கள். அப்போது உங்கள் நாக்குத்தான் பழகிக்கொள்கிறது. நான்கு ஐந்து வயதில் மழலையர் பள்ளித் தோழி ஒருத்தியின் அம்மா கர்ப்பமாக இருப்பதைப் பார்த்துவிட்டு வந்து, நானும் உன் வயிற்றில்தான் இருந்தேனா என்று கேட்கும். இல்லை கண்ணு, உன்னை இன்னொரு அம்மா வயிற்றில் சுமந்தாங்க, அவங்களால வளர்க்க முடியாத நிலைமை, நாங்க உன்னைத் தேடி வந்தோம் என்று ஒரே மூச்சில் சொல்லும் அளவுக்கு அது உங்களுக்குச் சாதாரணமாகியிருக்க வேண்டும். அடுத்த நிமிடமே அது பசிக்கிறது என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடலாம். பதினொன்று, பன்னிரண்டு வயதில் கேள்வி கூர்மையாகும். ஏன் கொடுத்தாள் என்று கேட்கும். அன்று பதில் சொல்வதற்குப் பெற்றவளிடமிருந்து ஒரு கடிதம், ஒரு படம், பிறந்த மருத்துவமனையின் பெயர் என்று எது கிடைத்தாலும் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். இதைத் தமிழில் சொல்லுங்கள் என்பேன். உங்கள் மனம் கட்டுப்பாடின்றிப் பேசும் மொழி அதுதான். கணவர் தம் மொழியில் சொல்லட்டும்.

வேலை, வயது, குடியுரிமை

படத்தில் வரும் அமைப்பு, பெற்றோரில் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுகிறது. அது சட்டத்தின் விதி இல்லை. குழந்தைகளுக்கான அரசு ஆலோசனை மையங்கள் வழியாகவும், உரிமம் பெற்ற தனியார் அமைப்புகள் வழியாகவும் தத்து நடக்கிறது. தனியார் அமைப்புகளுக்கு உரிமம் கட்டாயம் என்ற சட்டம் 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு அமைப்பும் வயது, வேலை, கட்டணம் பற்றித் தனித்தனி விதி வைத்திருக்கிறது. சட்டமோ வளர்ப்பவர்களுக்கு வயது உச்சவரம்பு எதையும் வைக்கவில்லை. 2017 ஜனவரி முதல், சிறப்புத் தத்துக்காகக் குழந்தையை வைத்து வளர்க்கும் சோதனைக் காலத்திலேயே குழந்தை வளர்ப்பு விடுப்பு எடுக்கும் உரிமையும் இருக்கிறது. ஆகவே வேலையை விடும் கடிதத்தை எழுதுமுன் விடுப்பு விதிகளைக் கேளுங்கள்.

நீங்கள் இந்தியக் குடியுரிமையை வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இதைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். வளர்ப்பவர்களில் ஒருவர் வேறு நாட்டவர் என்றால் ஜப்பானிய நீதிமன்றம் அவருடைய நாட்டுச் சட்டத்தையும் பார்க்கும். நம்முடைய தத்துச் சட்டமோ மதத்தைப் பொறுத்தும் வழியைப் பொறுத்தும் வேறுபடுகிறது. நான் குடும்பநல ஆலோசகர். இந்தப் பகுதிக்குப் பன்னாட்டுக் குடும்ப வழக்குகளைக் கையாளும் வழக்கறிஞர் ஒருவரை, விண்ணப்பத்துக்கு முன்பே, ஒருமுறையாவது பாருங்கள்.

அண்ணன் குழந்தை

உங்கள் அம்மாவின் யோசனையில் இருப்பது பாசம். கவாசேயை வளர்த்ததும் உறவினர்தான். ஆனால் பாதுகாப்பு என்று பார்த்தால் இது நீங்கள் நினைப்பதற்கு நேரெதிர். சொந்தத்துக்குள் வாய்ப்பேச்சில் கொடுத்து வாங்கிவிட்டு வெளிநாட்டுக்குக் கூட்டிப்போக முடியாது. உறவினர் குழந்தையாக இருந்தாலும் இந்தியாவின் மத்தியத் தத்து ஆணையத்தின் வழியாகப் பன்னாட்டுத் தத்தின் நடைமுறை முழுவதையும் கடக்க வேண்டும். பன்னாட்டுத் தத்து பற்றிய 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் ஜப்பான் சேரவில்லை என்பதால் தாள்வேலை இன்னும் சிக்கலாகும். அதைவிட முக்கியம், அந்தக் குழந்தைக்கு வளர்க்கக்கூடிய பெற்றோர் இருக்கிறார்கள். அதன் அக்காவோ அண்ணனோ அங்கேயே வளர, தான் மட்டும் ஏன் அனுப்பப்பட்டோம் என்று அது கேட்டால் உங்களிடம் நல்ல பதில் இருக்காது. அண்ணி என்ன நினைக்கிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. அது எனக்கு உறுத்துகிறது. ஜப்பானில் பெற்றோரிடம் வளர முடியாமல் அரசின் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகள் சுமார் 42,000 பேர். சிறப்புத் தத்து ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில்தான் நடக்கிறது.

மாமியார்

உங்கள் மாமனார் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து, மாமியாரின் பெற்றோரால் தத்தெடுக்கப்பட்டவர் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டின் பெயர் இன்று உங்கள் கணவர்வரை வந்து சேர்ந்ததே ஒரு தத்தின் வழியாகத்தான். ஜப்பானில் தத்து என்பது நெடுங்காலமாகவே பெரும்பாலும் வளர்ந்த ஆண்களைக் குடும்பப் பெயருக்காகவும் தொழிலுக்காகவும் சேர்த்துக்கொள்வதாக இருந்து வந்திருக்கிறது. உங்கள் மாமியாருக்குத் தத்து அந்நியமில்லை, பெற்றவர் யாரென்று தெரியாத பச்சைக் குழந்தைதான் அந்நியம். இதை நீங்கள் சொன்னால் வாதமாகப் படும். உங்கள் கணவர் தன் பெற்றோர் இருவரும் இருக்கும்போது, நீங்கள் இந்த வீட்டுக்கு வந்த நாட்களில் எப்படி இருந்தது என்று அப்பாவிடமே கேட்கட்டும். மாமியாரின் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து பார்ப்பவர்கள் குடும்பத்தாரின் மனநிலையையும் விசாரிப்பார்கள் என்பதால், அவருக்குக் கொஞ்சம் காலம் கொடுப்பது நல்லது.

கடைசியாக, நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் விட்ட ஒன்று: மீதமிருக்கும் அந்தக் கரு. 2022 ஏப்ரல் முதல் ஜப்பானில் செயற்கைக் கருத்தரிப்புக்குக் காப்பீடு உண்டு. சிகிச்சை தொடங்கும்போது 40 வயதுக்குக் கீழ் இருந்தால் ஒரு குழந்தைக்கு 6 முறை, 40 முதல் 42 வரை 3 முறை, 43 வயதிலிருந்து இல்லை. உங்களுக்குள் ஓடும் கடிகாரம் இதுதான் என்று புரிகிறது. பல தத்து அமைப்புகள் சிகிச்சையை நிறுத்திய தம்பதிகளையே ஏற்கின்றன. அதில் நியாயம் இருக்கிறது. வரப்போகும் குழந்தை, இன்னொரு குழந்தை வராமல் போனதற்கு ஆறுதலாக வரக் கூடாது. ஆகவே வரிசையை மாற்றாதீர்கள். உங்களுக்கு எத்தனை முறை மீதம் இருக்கிறது என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்தக் கருவைப் பயன்படுத்துவதா, விட்டுவிடுவதா என்று இருவரும் சேர்ந்து முடிவெடுங்கள். விட்டுவிடுவது என்றால் அதற்காக அழுது தீர்க்க உங்களுக்கு நீங்களே நாட்கள் கொடுங்கள். அதற்குப் பிறகு உங்கள் மாவட்டத்தின் குழந்தைகள் ஆலோசனை மையத்தில் தத்துப் பெற்றோருக்கான அறிமுகக் கூட்டம் எப்போது என்று கேட்டு, கணவரோடு சேர்ந்து போய் உட்காருங்கள். அங்கே போவதால் எந்தக் கட்டாயமும் இல்லை. கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துப்போங்கள். பெற்றவர் பற்றிய தகவல்களை எந்த அளவுக்குத் தருவார்கள் என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.